நூற்றைம்பது சி.சி.யில் ஒரு பாடம்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



"மெக்கானிக்கல் படிச்சவன்தானே, ஏதாவது தொழில்நுட்பம் பத்திப் பேசுப்பா" என்று செயலாளர் அண்ணன் தொலைபேசியில் சொன்னார். "என் மோட்டார் சைக்கிளைப் பத்திப் பேசட்டுமா அண்ணே?" என்று கேட்டேன். சற்று நேரம் பதில் இல்லை. பிறகு, "பேசு, ஆனா பசங்களைக் கெடுத்துடாதே" என்றார். கெடுக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் இந்த மேடை ஏறியிருக்கிறேன்.

இந்த அரங்கில் முன்வரிசையில் இருக்கும் மூத்தவர்கள் பலருக்கு யமஹா ஆர்.எக்ஸ். 100 என்றாலே முகம் மலரும். 1985 முதல் 1996 வரை வந்த வண்டி. 98 சி.சி., இரண்டு ஸ்ட்ரோக், 11 குதிரைத்திறன். அதன் சத்தத்தைக் கேட்டே யார் வருகிறார் என்று விடுதியில் சொல்லிவிடுவார்களாம். எங்கள் காலத்தில் அந்த இடத்தைப் பிடித்தது 2008-இல் வந்த யமஹா ஆர் 15. பந்தய வண்டி போல முன்னால் கவசம், குனிந்து பிடிக்கும் கைப்பிடி, உள்ளே 149.8 சி.சி. எஞ்சின். ரேடியேட்டர், நான்கு வால்வு, ஃப்யூயல் இன்ஜெக்ஷன், ஆறு கியர் எல்லாம் ஒரு 150 சி.சி. வண்டியில் சேர்ந்து வந்தது நம் ஊருக்கு அப்போது புதிது. நாங்கள் அதைத் தெருவில் பார்த்தால் நின்று பார்ப்போம்.

2010-இல், மூன்றாம் ஆண்டு படிக்கும்போது, அந்த வண்டியில் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். பாதிப் பணம் அப்பா கொடுத்தது. மீதி, பள்ளிப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துச் சேர்த்தது. மளிகைக் கடைக்கு வேண்டிய சரக்கு முழுவதையும் ஒரு டி.வி.எஸ். 50-இலேயே ஏற்றி வந்து எங்களை வளர்த்தவர் அப்பா. புது வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரிதான். இதுல மூட்டையை எங்கே வைக்கிறது?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு இன்று வரை என்னிடம் பதில் இல்லை.

மாணவர்களுக்காகக் கொஞ்சம் எஞ்சின் கதை சொல்கிறேன். அந்த எஞ்சினின் உச்ச சக்தி 17 குதிரைத்திறன். அது கிடைப்பது நிமிடத்துக்கு 8,500 சுற்றில். ஸ்ட்ரோக் நீளம் 58.7 மில்லிமீட்டர். ஒரு சுற்றுக்குப் பிஸ்டன் இரு முறை அந்தத் தூரம் போகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள், சராசரி வேகம் வினாடிக்கு 16.6 மீட்டர் வரும். அதாவது மணிக்கு 60 கிலோமீட்டர். உங்கள் முழங்காலுக்கு இடையில், உள்ளங்கை அகலமுள்ள ஓர் இடத்துக்குள், ஓர் உலோகத் துண்டு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அதுவும் நேராக ஓடவில்லை, ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை நின்று திரும்பி ஓடுகிறது. வகுப்பில் படித்தபோது தூக்கம் வந்த பாடம், வண்டி வாங்கிய பிறகு தூக்கத்தைக் கெடுத்தது.

சின்ன எஞ்சின் வண்டியில் ஒரு நன்மை உண்டு. பெரிய வண்டியில் தப்பாகக் கியர் போட்டாலும் எஞ்சின் உங்களைக் காப்பாற்றி இழுத்துக்கொண்டு போய்விடும். சின்ன வண்டி அப்படிச் செய்யாது. எந்தக் கியர், எத்தனை சுற்று, வளைவுக்கு முன் எவ்வளவு வேகம் குறைக்க வேண்டும் என்பதையெல்லாம் நீங்களே யோசிக்க வேண்டும். சோம்பேறிக்கு அது சோம்பேறி வண்டி, கவனிப்பவனுக்கு நல்ல ஆசிரியர். 500 கிலோமீட்டருக்கு ஒரு முறை செயினைத் துடைத்து எண்ணெய் விடுவது, காலையில் டயரில் காற்றுப் பார்ப்பது, கூலண்ட் அளவு பார்ப்பது இவையெல்லாம் எனக்கு அப்போது பழக்கமானவை. இன்று தொழிற்சாலையில் ஒரு இயந்திரத்தின் முன் போய் நின்றதும் முதலில் அதன் சத்தத்தைக் கேட்கிறேனே, அந்தப் பழக்கமும் அங்கே வந்ததுதான்.

இது வரை சொன்னது பெருமை. இனிச் சொல்லப் போவதற்காகத்தான் நான் இங்கே வந்தேன்.

2011 ஜனவரி. பொங்கல் விடுமுறை முடிந்து விடுதிக்குத் திரும்பியிருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் என் அறைத் தோழனும் கொல்லிமலைக்குப் போனோம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே போக 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறினோம், அறப்பளீஸ்வரர் கோயிலில் கும்பிட்டோம், ஆகாய கங்கையில் குளித்தோம், மாலையில் இறங்கினோம். 70 வளைவிலும் ஒரு தப்புக்கூடச் செய்யவில்லை. வளைவைப் பார்த்து எனக்குப் பயம் இருந்தது, அந்தப் பயம் எங்களைக் காத்தது. அடிவாரம் வந்ததும், "இனி என்ன, தரை ரோடுதானே" என்று பயம் போய்விட்டது.

காரவள்ளியைத் தாண்டிச் சேந்தமங்கலம் போகும் பக்கம், ஒரு சாதாரண வளைவு. அதைத் தாண்டினால் நேரான சாலை. அந்த நேரான சாலையில் கொள்ளுச் செடியைப் பரப்பியிருந்தார்கள். அறுவடைக் காலத்தில் வண்டிச் சக்கரம் ஏறி மணி உதிரட்டும் என்று நம் பக்கத்தில் போடுவது வழக்கம்தான். காய்ந்த செடி எண்ணெய் தடவினாற்போல வழுக்கும். நான் பிரேக்கை அழுத்தினேன். செடியின் மேல் முன்சக்கரம் பூட்டிக்கொண்டது. அடுத்த கணம் நாங்கள் தரையில் இருந்தோம்.

எனக்கு முழங்கையில் தோல் போனது, அவ்வளவுதான். என் நண்பனுக்கு வலது முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்தன. நெற்றிக்கு மேலே 7 தையல். எங்களைத் தூக்கியது, அந்தக் கொள்ளுக்குச் சொந்தக்காரரான பெரியவர். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து அவன் நெற்றியில் கட்டினார். தானும் கூடவே நாமக்கல் மருத்துவமனைக்கு வந்தார்.

இரவு 11 மணிக்கு நண்பனின் அம்மா ஊரிலிருந்து பஸ் பிடித்து வந்து சேர்ந்தார்கள். மகனைப் பார்த்துவிட்டு வெளியே வந்து என்னிடம் கேட்டார்கள்:

"நீ ஹெல்மெட் போட்டிருந்தியாப்பா?"

"போட்டிருந்தேம்மா."

"அவன்?"

எங்களிடம் இருந்தது ஒரு ஹெல்மெட். அது என் தலையில் இருந்தது. நான் பதில் சொல்லவில்லை. அவர்கள் மறுபடி கேட்கவும் இல்லை. "எவ்வளவு வேகமா வந்தீங்க?" என்று மட்டும் கேட்டார்கள். "ஐம்பதுலதாம்மா வந்தோம். ரோட்டுல கொள்ளைப் பரப்பி வெச்சிருந்தாங்க, அதுலதான் வழுக்கிருச்சு" என்றேன்.

அந்தப் பெரியவர் என் பையைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டார். ஒன்றும் பேசவில்லை. பையை என் பக்கத்தில் வைத்துவிட்டு, "தம்பிக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்க, முகம் வெளுத்துப் போச்சு" என்று அங்கிருந்த ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் பெயர், ஊர் எதையும் கேட்டு வைக்க எனக்கு அப்போது தோன்றவில்லை.

12 நாள் கழித்துக் கல்லூரிக்கு ஒரு நிறுவனம் ஆள் எடுக்க வந்தது. நான் போனேன், வேலை கிடைத்தது. என்னைவிட நன்றாகப் படித்த என் நண்பன் கட்டுப் போட்ட காலோடு வீட்டில் கிடந்தான். அவனுக்கு வேலை கிடைக்க மேலும் இரண்டு வருடம் ஆயிற்று.

நண்பர்களே, நாங்கள் வந்தது ஐம்பதில் இல்லை. மீட்டரில் 84 இருந்தது. எனக்கு அது அன்றைக்கே தெரியும். கேட்டவர்களிடமெல்லாம் "கொள்ளுச் செடியால் விழுந்தோம்" என்றே பல வருடம் சொல்லி வந்தேன். சொல்லச் சொல்ல எனக்கே அது உண்மை போலத் தோன்றத் தொடங்கியது.

2012-இல் ஒரு நாள் தனியாக அந்த இடத்துக்கு ஓர் அளவு நாடாவோடு போனேன். அந்தப் பெரியவரைக் காண முடியவில்லை. வளைவு முடிந்து சாலை கண்ணுக்குத் தெரியும் இடத்திலிருந்து கொள்ளு கிடந்த இடம் வரை அளந்தேன். ஏறக்குறைய 50 மீட்டர். ஓரமாக உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பார்த்து, பிரேக்கை அழுத்த ஒரு வினாடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த சாலையில், என்னைப் போன்ற சாதாரண ஆள் இரண்டு பிரேக்கையும் சரியாகப் போட்டால், வினாடிக்கு வினாடி 6 மீட்டர் வேகம் குறையும் என்று வைத்துக்கொள்வோம். 60-இல் வந்திருந்தால் அந்த ஒரு வினாடியில் 17 மீட்டர், பிரேக்கில் 23 மீட்டர், மொத்தம் 40 மீட்டர். கொள்ளுக்கு 10 மீட்டர் முன்னாலேயே நின்றிருப்போம். 84-இல் வந்தால் மொத்தம் 69 மீட்டர் வேண்டும். 50 மீட்டரில் கொள்ளைத் தொடும்போது வண்டி இன்னும் 54 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். விடை தெளிவாக இருந்தது. கொள்ளின் மேல் தவறில்லை. பரப்பியவர் மேலும் தவறில்லை. கண்ணுக்குத் தெரிந்த தூரத்துக்குள் நிறுத்த முடியாத வேகத்தில் நான் வந்தேன்.

தம்பி தங்கைகளே, வேகம் இரட்டித்தால் பிரேக் தூரம் நான்கு மடங்கு என்று முதலாண்டிலேயே நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். நான் அதில் நல்ல மதிப்பெண் வாங்கியவன். மதிப்பெண் வாங்குவது வேறு, அறிவது வேறு என்று எனக்குத் தெரிய ஒரு நண்பனின் கால் உடைய வேண்டியிருந்தது.

வண்டியை விற்றுவிட்டேனா என்று கேட்பீர்கள். விற்கவில்லை. ஆனால் ஓட்டக் கற்றுக்கொண்டேன். 2015-இல் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஒரு நாள் பயிற்சிக்குப் போனேன். ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள தடம். எதிரே பஸ் வராது, மாடு வராது, கொள்ளு கிடக்காது. அப்படிப்பட்ட இடத்திலேயே தோல் உடையும் கையுறையும் பூட்ஸும் இல்லாமல் உள்ளே விட மாட்டேன் என்கிறார்கள். நாமோ எல்லாம் குறுக்கே வரும் சாலையில் செருப்போடு பறக்கிறோம். வேகம் பார்க்க ஆசை இருந்தால், அதற்கென்று இருக்கும் இடத்தில் பாருங்கள். அங்கே போனால் உங்களுக்கு எவ்வளவு தெரியாது என்பதும் தெரிந்துவிடும்.

2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். கட்டாயமாகிவிட்டது. என் பழைய வண்டியில் அது இல்லை. நல்ல சாதனம்தான். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும். ஆனால் சாலையில் இல்லாத பிடிப்பை அது உண்டாக்கித் தராது. பின்னால் உட்கார்பவருக்கும் ஹெல்மெட் வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு சொல்கிறது. அது 1988-ஆம் ஆண்டுச் சட்டம், நான் பிறப்பதற்கு முன்பே எழுதி வைத்தது. ஆகவே தெரியாது என்று நான் சொல்ல முடியாது. இப்போது என்னிடம் எப்போதும் இரண்டு ஹெல்மெட் உண்டு. இரண்டாவது இல்லாத நாளில் யாரையும் ஏற்றுவதில்லை. அப்பாவே கேட்டாலும் "பஸ்ல வாங்கப்பா" என்றுதான் சொல்கிறேன்.

என் நண்பன் இந்த அரங்கில்தான் இருக்கிறான். அவன் பெயரைச் சொல்லக் கூடாது என்று உத்தரவு. நேற்று இரவு விடுதி வாசலில் உட்கார்ந்து, இத்தனை வருடம் சொல்லாததை முதலில் அவனிடம் சொன்னேன். "அன்னிக்கு ஐம்பது இல்லடா" என்று ஆரம்பித்தேன். அவன் என்னை முடிக்க விடவில்லை. "எண்பத்து நாலு. உன் தோளுக்கு மேல எட்டிப் பார்த்துட்டுத்தானே உக்காந்திருந்தேன்" என்றான்.

இத்தனை வருடமும் அவனுக்குத் தெரியும். அவன் அம்மாவிடமும் சொல்லவில்லை, என்னிடமும் கேட்கவில்லை. "நாளைக்கு மேடையில சொல்லட்டுமா?" என்று கேட்டேன். "சொல்லு, பசங்க கேக்கட்டும். அந்தப் பெரியவர் பத்தியும் சொல்லு" என்றான். சொல்லிவிட்டேன்.

அம்மாவிடம் நானே நேரில் போய்ச் சொல்ல வேண்டும். கூட்டம் முடிந்ததும் அவனோடு அவன் ஊருக்குக் கிளம்புகிறேன். வண்டி வெளியே நிற்கிறது. இரண்டு ஹெல்மெட்டும் இருக்கின்றன.