பாட்டுக்கும் ஜாதி கேட்பதா?

(கச்சிராயபாளையத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று பாட்டைப் பற்றிப் பேசப்போகிறோம் என்றதும் உங்களில் சிலர் ஏமாற்றம் அடைந்திருக்கலாம். கோயில், புராணம், சடங்கு, உத்தியோகம் இவைகளைப் பற்றியெல்லாம் பேச வேண்டியிருக்க, பாட்டுக்கு இப்போது என்ன அவசரம் என்று கேட்கலாம். ஆனால் ஜாதி கோயிலில் மாத்திரம் குடியிருக்கவில்லை. அது கிணற்றிலும் இருக்கிறது, சுடுகாட்டிலும் இருக்கிறது, கல்யாணப் பந்தியிலும் இருக்கிறது. அங்கெல்லாம் அது கண்ணுக்குத் தெரிகிறது. பாட்டில் இருக்கும் ஜாதியோ காதுக்கு இனிப்பாய் இருப்பதால் தெரிவதில்லை. ஆகவே அதைப் பற்றிப் பேசித்தான் தீரவேண்டும்.

சென்னையில் "தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்" என்று ஒரு பாட்டுக் குழு இருப்பதை உங்களில் சிலர் கைபேசியிலே கேட்டிருப்பீர்கள். பலர் இன்றுதான் பெயரைக் கேள்விப்படுவீர்கள். பெயருக்குப் பொருள் ஜாதியற்றோர் கூட்டு என்பதாகும். சினிமா டைரக்டர் பா. இரஞ்சித் அவர்களின் நீலம் பண்பாட்டு மையமும், டென்மா என்னும் இசையமைப்பாளரும் சேர்ந்து இதை உண்டாக்கினார்கள். 2018 ஜனவரி 6-ந் தேதி சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி நடந்தது. பாட்டுக்காரர், வாத்தியக்காரர் எல்லாருமாகப் பத்தொன்பது பேர். அதில் ஒரே ஒரு பெண். அவர் பெயர் இசைவாணி.

இந்தப் பெயர் வானத்திலிருந்து குதித்ததல்ல. பண்டித அயோத்திதாசர் அவர்கள் தாழ்த்தப்பட்ட மக்களை ஜாதிபேதமற்ற திராவிடர் என்றும், ஜாதியற்ற தமிழர் என்றும் அழைத்தார். 1907-ல் "ஒரு பைசாத் தமிழன்" என்ற பத்திரிகையைத் தொடங்கி, 1914-ல் காலமாகும் வரை அந்தக் கொள்கைக்காகவே எழுதினார். நூறு வருஷத்துக்குப் பிறகு அவருடைய சொல்லை எடுத்துத் தங்கள் குழுவுக்குப் பெயராக வைத்துக்கொண்டார்கள் இந்த இளைஞர்கள்.

சரி, இவர்கள் பாடுவது என்ன சங்கீதம்? இங்கேதான் கெட்டிக்காரர்கள் எல்லாரும் திண்டாடிப் போகிறார்கள். வடசென்னைக் கூலிக்காரர் தெருக்களில் சாவு வீட்டிலும் சந்தோஷ வீட்டிலும் பிறந்த கானா இருக்கிறது. அமெரிக்காவிலே நீக்ரோ என்று இழிவாய் அழைக்கப்பட்ட கறுப்பு மக்களிடத்தில் 1970-களில் பிறந்த ராப் இருக்கிறது. வெள்ளைக்காரர் கிடார் இருக்கிறது. நம்முடைய பறை இருக்கிறது. டோலக்கும் சட்டியும் இருக்கின்றன. ஒருவர் எடுத்துக் கொடுக்க, இன்னொருவர் எதிர்க்கேள்வி போட, பிறகு எல்லாக் குரலும் சேர்ந்து ஒலிக்கிறது. இது கானாவா, ராப்பா, நாட்டுப்பாடலா, மேல்நாட்டுச் சங்கீதமா என்று கேட்டால் ஒரு பெயருக்குள் அடங்குவதில்லை.

தோழர்களே! "இது என்ன சங்கீதம்?" என்ற இந்தக் கேள்வி நமக்குப் பழகிப்போன கேள்வியே. புதிதாக ஒருவன் வந்தால் முதலில் எந்த ஊர் என்பார்கள். பிறகு எந்தத் தெரு என்பார்கள். அதன் பிறகு யார் வீட்டுப் பிள்ளை என்பார்கள். மூன்று கேள்விக்கும் கருத்து ஒன்றே என்பது உங்களுக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

வகை பிரிப்பதே குற்றம் என்று நாம் சொல்ல வரவில்லை. கடைக்காரன் அரிசியையும் உளுந்தையும் தனித்தனி மூட்டையில் வைக்கிறான். அது அளந்து கொடுக்க வசதி. ஆனால் அரிசி மூட்டையைத் தொட்டவன் உளுந்து மூட்டையைத் தொடக்கூடாது என்றால் அவனைப் பைத்தியக்காரன் என்போம். பாட்டிலோ அந்தப் பைத்தியக்காரத்தனம் சாஸ்திரமாகவே இருக்கிறது. சபாவில் பாடினால் சங்கீதம். தெருவில் பாடினால் கூத்து. குப்பத்தில் பாடினால் கூச்சல்.

இன்னொன்று பாருங்கள். மிருதங்கத்துக்கு மாட்டுத்தோல் வேண்டும். அந்தத் தோலைப் பதம் பார்த்து வாரிழுத்துக் கட்டுகிறவர்களில் பெரும்பாலோர் தலித் கிறிஸ்தவர்கள். அவர்களுடைய வரலாற்றை டி.எம். கிருஷ்ணா அவர்கள் "செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்" என்ற பெயரில் 2020-ல் புத்தகமாக வெளியிட்டார். வெளியீட்டுக்கு முதலில் இடங்கொடுத்த கலாக்ஷேத்திரம் பிறகு அந்த அனுமதியை ரத்து செய்தது. மாட்டுத்தோல் மிருதங்கத்தில் ஏறினால் தெய்வ வாத்தியம்! பறையில் ஏறினால் தீட்டு வாத்தியம்! தோலுக்கு ஜாதி இல்லை. தட்டுகிறவனுடைய ஜாதிதான் தோலுக்கும் ஒட்டிக்கொள்ளுகிறது.

நாதசுரக்காரர் பெரிய மனிதர்கள் முன்னே தோளில் துண்டு போடக்கூடாது என்றிருந்த காலத்தை நம் இயக்கத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். செட்டிநாட்டுக் கல்யாணத்தில் "துண்டை எடுக்காதே, வாசி" என்று வித்துவானுக்குத் துணை நின்றவர் பட்டுக்கோட்டை அழகிரி. அந்தத் துண்டுக்கு நடந்த போராட்டத்தை நினைத்துக்கொண்டு இந்தக் குழுவைப் பாருங்கள். பறையடிப்பவர், கானா பாடுபவர், கிடார் மீட்டுபவர் எல்லாரும் ஒரே மாதிரி கோட்டும் சூட்டும் போட்டு மேடை ஏறினார்கள். டாக்டர் அம்பேத்கர் ஏன் கோட்டுப் போட்டார் என்று தெரிந்தவர்களுக்கு அதன் அர்த்தம் விளங்கும்.

நிற்க. இவர்கள் பாட்டில் அழுகை குறைவு, கேலி அதிகம். மாட்டுக்கறி தின்பதைப் பற்றி ஒரு பாட்டு. இட ஒதுக்கீட்டைக் குறை சொல்லுகிறவர்களைப் பற்றி ஒரு பாட்டு. இசைவாணி பாடிய "ஐயாம் சாரி ஐயப்பா" என்பது மன்னிப்புக் கேட்பதுபோல் தொடங்கி, பெண் உள்ளே வந்தால் என்ன கெட்டுப்போகும் என்று சாமியையே கேட்கும் பாட்டு. அதில் அந்தப் பெண் பெரியாரையே தன் பாட்டன் ஸ்தானத்தில் வைத்துப் பேசுகிறாள். எல்லா வயதுப் பெண்களும் சபரிமலைக்குப் போகலாம் என்று 2018 செப்டம்பர் 28-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்ன வருஷத்துப் பாட்டு இது. ஆறு வருஷம் கழித்து, 2024 நவம்பரில், பாடியவரைக் கைது செய்யவேண்டும் என்று போலீசில் புகார் கொடுத்தார்கள், மிரட்டினார்கள். அதே இசைவாணியை 2020-ல் உலகத்தின் நூறு பெண்களில் ஒருவராக பி.பி.சி. தேர்ந்தெடுத்திருந்தது.

கோபமாய் வாதம் செய்கிறவனுக்குப் பதில் வாதம் சொல்லலாம். சிரிக்க வைக்கிறவனுக்கு என்ன பதில் சொல்லுவது? கோர்ட்டுத் தீர்ப்பைப் படித்தவர் ஆயிரம் பேர் இருக்கலாம். பாட்டை முணுமுணுப்பவர் லட்சம் பேர். அதனாலேதான் அவர்களுக்கு ஆத்திரம்.

இது நமக்குப் புதிதுமல்ல. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் "நல்லதம்பி" படத்தில், 1949-ல், கிந்தனார் காலட்சேபம் செய்தார். நந்தனார் சிதம்பரம் போக ஏங்கினார்; கிந்தனாரோ பள்ளிக்கூடம் போக ஏங்கினார். பாகவதர்களுடைய காலட்சேபத்தையே எடுத்து, பக்தி இருந்த இடத்தில் படிப்பை வைத்தார். ஜனங்கள் சிரித்துக்கொண்டே புத்தி பெற்றார்கள்.

இனி நம் ஊருக்கு வருவோம். பாட்டினாலேயே ஜாதி ஒழிந்துவிடும் என்று நாம் ஏமாற்றப் போவதில்லை. சென்னையில் பறைக்குக் கைதட்டிவிட்டு, ஊருக்கு வந்து, "சாவு விழுந்திருக்கிறது, மேளத்தைக் கூப்பிடு" என்று சேரிக்கு ஆளனுப்புகிறவன் இருக்கிறான். அடிக்கமாட்டோம் என்று சொன்ன தாழ்த்தப்பட்ட தோழர்கள் எத்தனையோ ஊர்களில் அடிபட்டார்கள். இழிவின் அடையாளமாய் இருப்பதால் பறையே வேண்டாம் என்று அவர்கள் எறிந்தது நியாயமே. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள் அதே பறையைக் கையிலெடுத்து மேடையேறியதும் நியாயமே. இரண்டிலும் இருப்பது ஒன்றுதான்: அடிப்பதும் அடிக்காததும் அடிக்கிறவன் இஷ்டம். கட்டாயம் இருந்தால் அடிமைத்தனம். இஷ்டம் இருந்தால் கலை.

கல்வராயன் மலையில் பெய்கிற மழை பல ஓடையாய் இறங்கித்தான் நம் கோமுகி அணையில் நிறைகிறது. எந்த ஓடைத் தண்ணீர் என்று கேட்டுவிட்டு எந்த நெற்பயிரும் குடிப்பதில்லை. ஆறறிவு படைத்த மனிதன்தான் கேட்கிறான்.

ஆகவே தோழர்களே! உங்களைக் கேட்டுக்கொள்ளுவது மூன்றே காரியம். ஒன்று, நம் வீட்டுச் சாவுக்கு யாரையும் உரிமை பாராட்டி மேளத்துக்கு அழைக்காதீர்கள். இஷ்டப்பட்டு வருகிறவர்க்கு, பேசிய கூலியை நாற்காலியில் உட்காரவைத்துக் கையில் கொடுங்கள். இரண்டு, நம் கூட்டங்களிலும் சுயமரியாதைத் திருமணங்களிலும் எல்லாத் தெருப் பிள்ளைகளும் கலந்து பாடுகிற குழுவுக்கு முதல் மேடை கொடுங்கள். மூன்று, அப்படிப் பாடுகிற பிள்ளைகளிடம், "இது என்ன வகை? நீ எந்தத் தெரு?" என்று கேட்காதீர்கள். பாட்டு நன்றாயிருக்கிறதா, பொருள் நியாயமாயிருக்கிறதா என்று மாத்திரம் கேளுங்கள்.