டீ பிரேக்கில் ஐந்து நிமிடப் பேச்சு

லவ்டேலிலிருந்து இன்னொரு எபிசோடு. பின்னால மழைச் சத்தம் கேட்டா பொறுத்துக்கோங்க, மேல தகரக் கூரை.

ஊட்டி, குன்னூர் பக்கம் ஒரு நாள் டெக் மாநாடு நடத்தலாம்னு சில நண்பர்கள் யோசிக்கிறாங்க. "டீ பிரேக்ல சின்னச் சின்னப் பேச்சு வைக்கலாமா?"ன்னு கேட்டாங்க. என் பதில்: கண்டிப்பா வைக்கலாம். ஆனா பிரேக் பிரேக்காவே இருக்கணும்.

நம்ம மலை ரயிலையே எடுத்துக்கோங்க. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது, நீராவி எஞ்சினுக்குத் தண்ணி பிடிக்க ஹில்குரோவ்ல வண்டி நிக்கும். எல்லாரும் இறங்கிக் கால் நீட்டுவாங்க, முகம் தெரியாதவங்களோட பேசுவாங்க. அந்த நேரத்துல எல்லாரையும் பெட்டிக்குள்ள உட்கார வெச்சு ரயில் வரலாறு சொன்னா எப்படி இருக்கும்? மாநாட்டு பிரேக்கும் அப்படித்தான்.

இது புதுசா கண்டுபிடிச்ச விஷயம் இல்லை. ஹாரிசன் ஓவன்னு ஒரு அமெரிக்கர், 1980களில் ஒரு பெரிய மாநாட்டை மாசக்கணக்கா உழைச்சு நடத்தினார். வந்தவங்களுக்கு அதுல ரொம்பப் பிடிச்சது காபி இடைவேளைதான். அதிலிருந்துதான் 'ஓப்பன் ஸ்பேஸ்' முறை வந்தது. என்ன பேசலாம்னு வந்தவங்களே அங்கேயே முடிவு பண்ணுவாங்க. 2005-ல பாலோ ஆல்டோவில் தொடங்கின பார்கேம்ப்பும் இதே வழிதான்.

'லைட்னிங் டாக்' இன்னொரு பக்கத்திலிருந்து வந்தது. 2000-ல பிட்ஸ்பர்க்கில் நடந்த பெர்ல் மாநாட்டில் மார்க் ஜேசன் டொமினஸ் அந்தப் பேரில் குட்டிப் பேச்சுகளை ஏற்பாடு செஞ்சார். ஒரு ஆளுக்கு 5 நிமிஷம். பேச்சு சுமாரா இருந்தாலும் 5 நிமிஷத்துல அடுத்த ஆள் வந்துடுவார். அதனால பேசறவருக்கும் பயம் குறைவு, கேக்கறவருக்கும் நஷ்டம் குறைவு. பைத்தான்காரங்களும் இதைப் பிடிச்சுக்கிட்டாங்க. 2009-ல பெங்களூருவில் தொடங்கி 2019-ல சென்னைக்கும் வந்த பைகான் இந்தியாவுக்குப் போனவங்களுக்கு இது பழக்கமான விஷயம்.

இதுல எனக்கு முக்கியமாப் படறது, யார் பேசறாங்கங்கிறதுதான். பெரிய பேச்சுக்கு மாசக்கணக்கா முன்னாடியே இங்கிலீஷ்ல சுருக்கம் எழுதி, தன்னைப் பத்தி நாலு வரி எழுதி அனுப்பணும். கேத்தியில் படிக்கிற ஒரு பொண்ணு, வீட்டுல பறிக்கிற பச்சைத் தேயிலை எடைக் கணக்குக்கு ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருக்கான்னு வெச்சுக்குவோம். அவ அந்த ஃபார்மை நிரப்பவே மாட்டா. 'இதெல்லாம் ஒரு பேச்சா'ன்னு விட்டுடுவா. ஆனா டீ கிளாஸ் கையில இருக்கும்போது "5 நிமிஷம் சொல்லும்மா"ன்னா சொல்லிடுவா. அதுவும் தமிழ்ல. காஞ்சி லினக்ஸ் பயனர் குழுவோட கூட்டங்கள் தமிழ்லயே நடக்குது. டெக் விஷயத்தைத் தமிழ்ல பேச முடியுமாங்கிற கேள்வி எப்பவோ முடிஞ்சுபோச்சு.

சரி, எப்படிச் செய்யறது? 30 நிமிஷ பிரேக்னு வெச்சுக்கோங்க. முதல் 12 நிமிஷம் எதுவுமே வேண்டாம். டீ, பாத்ரூம், போன் கால். அப்புறம் மூணு பேர், ஆளுக்கு 5 நிமிஷம். மீதி 3 நிமிஷம் ஹாலுக்குத் திரும்ப. மதியச் சாப்பாட்டு நேரத்தைத் தொடாதீங்க.

இடம் ஹாலோட ஒரு மூலை. டீ கவுண்டர் பக்கத்துல வேண்டாம், பெரிய மைக்கும் வேண்டாம். கேக்க விரும்பாதவங்க நிம்மதியா அரட்டை அடிக்கணும். காலையிலயே ஒரு வெள்ளைப் பலகை வைங்க, பேர் எழுதறவங்க எழுதட்டும். முதல் இடம், இதுவரைக்கும் மேடையேறாதவருக்கு. ஸ்லைடு வேணும்னா ஏற்கெனவே இணைச்சு வெச்ச ஒரே லேப்டாப்தான். ஒவ்வொருத்தரும் கேபிள் மாத்தினா அதுலயே 2 நிமிஷம் போயிடும்.

4-வது நிமிஷம் அட்டை காட்டுங்க. 5-வது நிமிஷம் எல்லாரும் கைதட்டுங்க. யாரா இருந்தாலும் அதோட முடிஞ்சுது, கம்பெனி முதலாளியா இருந்தாலும் சரி. ஆள் எடுக்கிறோம், எங்க புராடக்டை வாங்குங்கங்கிற பேச்சுக்கு இடமில்லை. கேள்வி நேரமும் கிடையாது. கேள்வி இருக்கிறவர் அடுத்த பிரேக்ல அவரைத் தேடிப் போய்க் கேக்கட்டும். பேச்சோட பலனே அந்தச் சந்திப்புதான்.

ஒருவேளை பலகையில யாருமே பேர் எழுதலைன்னா? பரவாயில்லை, விட்டுடுங்க. ஆள் பிடிச்சு நிரப்பாதீங்க. ஆனா அடுத்த பிரேக்குக்கு முன்னாடி, ஓரமா நிக்கிற ரெண்டு பேர்கிட்ட "நீங்க என்ன பண்ணிட்டிருக்கீங்க?"ன்னு கேளுங்க. பாதி நேரம் அங்கேயே ஒரு பேச்சு கிடைச்சுடும்.

மலையில இருக்கிறவங்களுக்கு மாநாடுன்னாலே கோயம்புத்தூருக்கு இறங்கணும், இல்லை சென்னைக்கு ராத்திரி வண்டி பிடிக்கணும். அப்படிப் போயும் கடைசி வரிசையில உட்கார்ந்து கேட்டுட்டுத்தான் வர்றோம். இங்கேயே ஒண்ணு நடக்கும்போதாவது, நம்ம ஆளுங்க மூணு பேர் பேசிட்டு வீட்டுக்குப் போகட்டும். அதுக்குத் தேவை ஒரு பலகை, ஒரு மார்க்கர், ஒரு கடிகாரம்.

நீங்க இந்த மாதிரி பேசியிருந்தா, இல்லை நடத்தியிருந்தா எழுதுங்க. அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.