தடுக்கும் உரிமை எவர் கையில்?

(பெரம்பலூர் – அரியலூர் வட்டாரத் தமிழன்பரிடையே ஆற்றிய உரை)



அமெரிக்க மேலவையில் விந்தையான வழக்கம் ஒன்று உண்டு. ஒவ்வாத சட்டவரைவு வந்தால், அதனை எதிர்க்கும் சிறுபான்மையர் எழுந்து பேசிக்கொண்டே இருப்பர். பேச்சு முடியுமட்டும் அவை முடிவெடுக்க இயலாது. இதனை நெடும்பேச்சுத் தடை எனலாம். 1957இல் தர்மண்டு என்னும் உறுப்பினர் தனியொருவராய் 24 மணி 18 மணித்துளி பேசினார். 1975 முதல், நூற்றுவருள் அறுபதின்மர் இசைந்தால் பேச்சை முடிக்கலாம் என்பது விதி. எனவே, இன்று நாற்பத்தொருவர் இசைய மறுத்தாலே பெரும்பாலான சட்டவரைவுகள் முடங்கிவிடும். வாய் திறக்கவும் வேண்டா!

இவ்வழக்கம் நிலைக்கலாமா? அதனை எவர், எதற்காகக் கையாண்டார் என்பதைக் கொண்டே விடை காண வேண்டும். 1964இல், கறுப்பின மக்களுக்கு ஒத்த உரிமை வழங்கும் சட்டத்தைத் தென்மாநில உறுப்பினர் ஏறத்தாழ அறுபது நாள் இவ்வாறே தடுத்து வைத்தனர். ஒடுக்குவோர் கையில் அது எளியோர் குரல்வளையை நெரிக்கும் கயிறாயிற்று.

எளியோர் கையில் எந்தத் தடையும் இல்லையெனில் என்னாகும்? அதற்கு அமெரிக்கா செல்ல வேண்டா. இந்திய நாடாளுமன்றத்தில், பேச்சை முடிக்கலாம் எனப் பெரும்பான்மையர் இசைந்த அளவிலேயே சொற்போர் முடிந்துவிடும். 1963இல் ஆட்சிமொழிச் சட்டவரைவு வந்தது. ஆங்கிலம் "தொடரலாம்" என்றது அது. "தொடரலாம்" என்பது "தொடராமலும் விடலாம்" என்று பொருள்படும்; ஆதலின் "தொடர வேண்டும்" எனத் திருத்துக என்று மாநிலங்களவையில் வாதாடினார் அறிஞர் அண்ணா. சொல் வலிதாயிருந்தது, தலையெண்ணிக்கையோ மெலிது. சட்டம் நிறைவேறிற்று.

அவையில் தடுக்க இயலாததைத் தெருவில் தடுக்கத் தமிழர் உயிரையே விலையாக்க நேர்ந்தது. 1964 சனவரி 25இல், இன்றைய அரியலூர் மாவட்டத்துக் கீழப்பழுவூரைச் சேர்ந்த சின்னச்சாமி, திருச்சியில் தீக்குளித்து மாண்டார். அடுத்த ஆண்டு மொழிப்போர் மூண்டது.

அப்போரின் பயனாய் வந்ததே 1967ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம். இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலங்கள் அனைத்தின் சட்டமன்றங்களும் தீர்மானம் இயற்றி, அதன்பின் நாடாளுமன்றத்தின் ஈரவைகளும் இசைந்தாலன்றி ஆங்கிலத்தை விலக்க இயலாது என்கிறது அதன் 3(5)ஆம் உட்பிரிவு. ஒரு மாநிலம் மறுத்தாலும் கதவு திறவாது. மணிக்கணக்கில் பேசவும் வேண்டா. உயிர் துறக்கவும் வேண்டா. எளியோர் கையில் இருக்கத்தக்க தடை இதுவே.

ஆயினும், தோழர்களே, ஒன்றை மறவற்க! இக்காப்பு அரசமைப்பில் பொறிக்கப்பட்டதன்று. பிற சட்டங்களைப் போல் இதனையும் நாடாளுமன்றப் பெரும்பான்மையர் ஒரே நாளில் திருத்திவிடலாம். 543 இடங்கள் கொண்ட மக்களவையில் தமிழ்நாட்டுக்கு 39 இடங்களே. பூட்டு நம்முடையது, திறவுகோலோ பிறர் கையில்!

ஆகவே தமிழர் கேட்க வேண்டியது நெடும்பேச்சு உரிமையன்று. மொழியைத் தொடும் எச்சட்டமும் அம்மொழி பேசும் மாநிலத்தின் இசைவின்றி நிறைவேறலாகாது என்பதை அரசமைப்பிலேயே பொறிக்க வேண்டும். வலியோர்க்குத் தடை ஒரு கருவி. எளியோர்க்கோ அதுவே வேலி. கருவியைப் பறிப்போம்! வேலியைக் காப்போம்!