சிரிக்க வைப்பவரா, சிரிப்புக்கு ஆளாக்குபவரா?

நகைச்சுவைக் கலைஞர் ஒருவர் போட்டி நிகழ்ச்சி நடத்த வந்தால் அங்கே யார் ஜெயிக்க வேண்டும்? இதுதான் இன்றைய கேள்வி.

பரிசுத் தொகை பெரிதாக இருந்தால்தான் மக்கள் பார்ப்பார்கள் என்று சொல்வோர் உண்டு. இமான் அண்ணாச்சியை எண்ணிப் பாருங்கள். ஆதித்யா தொலைக்காட்சியின் 'சொல்லுங்கண்ணே சொல்லுங்க' நிகழ்ச்சியில் வீதியில் போவோரை நிறுத்திக் கேள்வி கேட்டார். மேடைத் தமிழ் பேசவில்லை, திருநெல்வேலிச் சீமையின் பேச்சைத்தான் பேசினார். சன் டிவியின் 'குட்டிச் சுட்டீஸ்' நிகழ்ச்சியில் சின்னஞ்சிறு பிள்ளைகளிடம் வாய் கொடுத்து மாட்டிக்கொண்டார். பிள்ளை மடக்கினால் விழிப்பது அண்ணாச்சி. கைதட்டல் பிள்ளைக்கு!

இந்த வித்தைக்கு ஒரு முன்னோடி உண்டு. அமெரிக்காவின் கிரௌச்சோ மார்க்ஸ், சகோதரர்களோடு நடித்துப் புகழ்பெற்ற சிரிப்பு நடிகர். 1947-ல் வானொலியில் 'யூ பெட் யுவர் லைஃப்' என்ற வினாடி வினாவை நடத்தத் தொடங்கினார். 1950 முதல் 1961 வரை அது என்பிசி தொலைக்காட்சியில் வந்தது. கதவு, நாற்காலி போல வீட்டில் புழங்கும் ஒரு சொல்லை ரகசியமாக வைத்திருப்பார்கள். பேச்சுவாக்கில் அதைச் சொல்லிவிட்டால், மேலேயிருந்து ஒரு பொம்மை வாத்து 100 டாலரோடு இறங்கும். எல்லாக் கேள்வியிலும் தோற்றவருக்கும் ஒரு சுலபக் கேள்வி உண்டு. 'அதிபர் கிரான்ட்டின் கல்லறையில் யார் இருக்கிறார்?' என்று கேட்பார்கள். வெறுங்கையோடு யாரும் வீடு திரும்பக் கூடாது என்பதே அதன் நோக்கம்.

கிரௌச்சோவின் நாக்கு கூர்மையானது. கிண்டல் செய்யாமல் விடமாட்டார். அதே சமயம், எதிரில் இருப்பவருக்கும் பேச இடம் கொடுப்பார். 1953-ல் டெக்சஸ் மாநிலத்திலிருந்து பெட்ரோ கொன்சாலஸ் கொன்சாலஸ் என்பவர் வந்தார். நாம் இருவரும் சேர்ந்து மேடையேறினால் என்ன பெயர் வைக்கலாம் என்று கிரௌச்சோ கேட்டார். 'கொன்சாலஸ் கொன்சாலஸ் அண்ட் மார்க்ஸ்' என்றார் அவர். இரண்டே பேர் உள்ள குழுவில் தமக்கு மூன்றாம் இடமா என்று கிரௌச்சோ நொந்துகொள்ள, அரங்கம் அதிர்ந்தது. அந்தப் பேச்சைப் பார்த்த நடிகர் ஜான் வெய்ன், பெட்ரோவுக்குப் படவாய்ப்பு கொடுத்தார். நடத்துநர் தோற்றதுபோல் நின்றதால் ஓர் எளிய மனிதருக்கு வழி பிறந்தது.

கிரௌச்சோ பேசியதெல்லாம் அந்த நொடியில் பிறந்ததல்ல. எழுத்தாளர்கள் முன்கூட்டியே நகைச்சுவை எழுதித் தந்தார்கள். ஒரு மணி நேரம் படம்பிடித்து, நல்லதை மட்டும் அரை மணி நேரமாக வெட்டினார்கள். சமயோசிதத்துக்கும் உழைப்பு வேண்டும் நேயர்களே!

கெடாவுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்கிறீர்களா? சுங்கை பட்டாணியில் பள்ளி விழா, கூலிமில் கோயில் திருவிழா, தோட்டத்தில் பொங்கல் விழா என்று எங்கும் ஒலிவாங்கி பிடிக்க ஓர் அறிவிப்பாளர் இருக்கிறார். புதிர்ப் போட்டிக்கு மேடையேறும் பிள்ளையின் பேச்சில் 'ழ' வழுக்குகிறது, ஒரு மலாய்ச் சொல் கலக்கிறது. அறிவிப்பாளர் அதையே திரும்பச் சொல்லிக் காட்டுகிறார். கூட்டம் கொல்லென்று சிரிக்கிறது. அவருக்கு அது ஒரு நிமிடக் கைதட்டல். பிள்ளைக்கோ மேடையும் கசக்கிறது, தமிழும் கசக்கிறது. அடுத்த ஆண்டு பெயர் கொடுக்கச் சொன்னால் தலையை ஆட்டி மறுத்துவிடும்.

ஒலிவாங்கி பிடிக்கும் சகோதர சகோதரிகளே, கிண்டல் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அதை உங்கள் பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள். பிள்ளை தடுமாறினால் சுலபமான கேள்வி ஒன்றைக் கேளுங்கள். பதில் சொல்லிவிட்டுத் தலைநிமிர்ந்து இறங்கட்டும். அந்தப் பிள்ளை மறுபடியும் மேடையேறினால், அதுவே உங்கள் நகைச்சுவைக்குக் கிடைத்த பரிசு.