கிரீம் பஃபும் ஒரு மணி நேரமும்



பிரெஞ்சுப் பலகாரக் கடையின் கண்ணாடிப் பெட்டியில் பளபளக்கும் கேக்குகளுக்கு நடுவே, கிரீம் பஃப் சாதுவாகத்தான் உட்கார்ந்திருக்கும். பழுப்பு நிறத்தில் ஓர் உருண்டை, உள்ளே கிரீம், தலையில் கொஞ்சம் பொடித்த சர்க்கரை. அவ்வளவுதான். ஆனால் ஒரு கடையின் கைப்பக்குவத்தை எடைபோட வேண்டுமானால், நான் முதலில் கேட்டு வாங்குவது இதைத்தான். குறையை மூடி மறைக்க இதில் அலங்காரம் எதுவும் இல்லை.

நம் பேக்கரி முட்டை பஃப்ஸ் வேறு, இது வேறு. அதில் மாவும் கொழுப்பும் அடுக்கடுக்காக மடிக்கப்படும். இதில் அடுக்கே கிடையாது. கால் லிட்டர் தண்ணீர், 100 கிராம் வெண்ணெய், 150 கிராம் மைதா, 4 முட்டை, ஒரு சிட்டிகை உப்பு. பிரெஞ்சுச் சமையலறைகளில் பழகிய அளவு இது. தண்ணீரும் வெண்ணெயும் கொதித்ததும் மாவை ஒரே தடவையில் கொட்டி, பாத்திரத்தில் ஒட்டாமல் திரண்டு வரும்வரை கிளறுவார்கள். இறக்கிச் சற்று ஆறியபின் முட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, உருண்டைகளாகப் பிழிந்து ஓவனில் வைப்பார்கள்.

ஈஸ்ட் இல்லை, சோடா உப்பு இல்லை. பிறகு எப்படி உப்புகிறது? சுமார் 200 டிகிரி சூட்டில் மாவிலுள்ள ஈரம் ஆவியாகிறது. நீர் ஆவியானால் அதற்கு 1,600 மடங்குக்கும் மேல் இடம் வேண்டும். எண்ணெயில் பூரி உப்புவதும் இந்த ஆவியால்தான். பூரி ஆறினால் அமுங்கிவிடும். இங்கே முட்டையும் மாவும் சூட்டில் இறுகி ஓடாக நிற்கின்றன. ஓடு இறுகுவதற்குள் அவசரப்பட்டு ஓவனைத் திறந்தால் எல்லாம் சப்பையாகிவிடும்.

இந்த மாவைச் செம்மைப்படுத்தியவர்களில் அந்தோனின் கரேம் முக்கியமானவர். 1784 முதல் 1833 வரை வாழ்ந்த பாரிஸ் சமையல் மேதை. இன்றும் பிரெஞ்சுத் திருமணங்களில் கிரீம் பஃபுகளைச் சர்க்கரைப் பாகால் ஒட்டிக் கோபுரமாக நிறுத்துகிறார்கள். இந்த மாவுக்கு ஒரு சைக்கிள் பந்தயத் தொடர்பும் உண்டு. பாரிஸிலிருந்து பிரெஸ்ட் நகருக்குப் போய்த் திரும்பும் சைக்கிள் பந்தயம் 1891-இல் தொடங்கியது. அதன் நினைவாக லூயி துயுரான் என்ற பலகாரக்காரர் 1910-இல் இதே மாவைச் சைக்கிள் சக்கரம்போல வளையமாகச் சுட்டார். ‘பாரிஸ்-பிரெஸ்ட்’ என்ற பெயரில் அது இன்றும் விற்பனையாகிறது.

சரி, நல்லதை எப்படி அடையாளம் காண்பது? முதலில் நிறம். நன்றாகப் பழுத்த பழுப்பாக இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் உள்ளே ஈரம் போகவில்லை. கடித்தால் சவசவ என்றிருக்கும். அடுத்து, கொழுப்பு. வெண்ணெய் நாக்கில் கரைந்து மறையும். மலிவான வனஸ்பதியோ மேலண்ணத்தில் பிசுபிசுவென்று படிந்துவிடும். மூன்றாவது, கிரீம். பாலும் முட்டை மஞ்சள் கருவும் சேர்த்துக் காய்ச்சிய கிரீம் என்றால், அதில் சேர்த்த மாவின் ருசி துளியும் தெரியக் கூடாது. அசல் வெனிலாக் காய் போட்டிருந்தால் எள்முனை அளவுக் கறுப்புப் புள்ளிகள் தெரியும். இனிப்பு மட்டும் தூக்கலாக இருந்தால், மற்ற எதுவும் சரியில்லை என்று பொருள்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரியது நேரம். கிரீமை நிரப்பிய கணத்திலிருந்தே அதன் ஈரம் ஓட்டுக்குள் ஏறத் தொடங்குகிறது. ஒரு மணி நேரத்துக்குள் சாப்பிட்டால் மொறுமொறுப்பும் குளிர்ச்சியும் சேர்ந்து கிடைக்கும். மறுநாள் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தால் இனிப்பான ஈர பன்தான் மிஞ்சும். அதனால்தான் பாரிஸில் சில கடைகளில் ஓடுகளை வெறுமையாக வைத்திருந்து, நாம் கேட்ட பிறகே கிரீமை நிரப்பித் தருகிறார்கள். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த நம் புதுச்சேரியிலும் அந்தப் பாணிப் பலகாரக் கடைகள் உண்டு. கடற்கரை ஊரின் ஈரக் காற்றில் ஓடு இன்னும் சீக்கிரம் நமத்துவிடும்.

ஆகவே நேயர்களே, அடுத்த முறை கடையில் விலையைக் கேட்பதற்கு முன், “கிரீம் எப்போது நிரப்பினீர்கள்?” என்று கேளுங்கள். “இதோ, இப்போது நிரப்பித் தருகிறேன்” என்று பதில் வந்தால், தயங்காமல் வாங்கி அங்கேயே நின்று சாப்பிடுங்கள். வீட்டுக்குப் பார்சல் வேண்டாம்.