பெட்ரோல் எஞ்சின் திணறுவது ஏன்?

(நாட்றாம்பாளையத்தில் விவசாயிகள் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பயிர் வாடும் தருணத்தில் பம்புசெட்டின் பெட்ரோல் எஞ்சின் திணறினால், அதைத் தூக்கிக்கொண்டு அஞ்செட்டிக்கோ தேன்கனிக்கோட்டைக்கோ போக வேண்டியிருக்கிறது. ஒரு நாள் கூலியும் வண்டி வாடகையும் செலவாகின்றன. ஆனால் பெரும்பாலும் எஞ்சினில் பழுது இராது. தொட்டியில் பல மாதம் கிடந்த பெட்ரோலே காரணமாக இருக்கும். கடற்கரையில் மீன்பிடி படகின் பின்புறம் மாட்டும் எஞ்சினையும் இதே நோய்தான் பிடிக்கிறது.

இன்று பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் நூற்றுக்கு 20 பங்கு வரை எத்தனால் கலந்துள்ளது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் தன்மையுடையது. ஈரம் மிகுந்தால் அது நீரோடு சேர்ந்து தனியே பிரிந்து, தொட்டியின் அடியில் தங்கிவிடும். எஞ்சினுக்குப் போவதோ அடியிலுள்ளதுதான். ஆகவே முதலில் சிறிது பெட்ரோலைக் கண்ணாடிப் புட்டியில் வடித்து, அசையாமல் வையுங்கள். இரண்டு அடுக்காகத் தெரிந்தால் முழுவதையும் வடித்துவிட்டுப் புதிய பெட்ரோல் ஊற்றுங்கள்.

அதன் பின்னும் திணறினால், ஓடும்போதே சோக்கைப் பாதி மூடிப் பாருங்கள். ஓட்டம் சீர்ப்பட்டால் எஞ்சினுக்குப் பெட்ரோல் போதவில்லை என்று பொருள். கார்புரேட்டரின் ஜெட் துவாரம் அடைபட்டிருக்கலாம். அதனைப் பெட்ரோலில் கழுவி ஊதுங்கள். கம்பியால் குத்தினால் துவாரம் பெரிதாகிவிடும். மாறாக, சோக்கை மூடியதும் இன்னும் மோசமானால், காற்று வடிகட்டியில் புழுதி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். நம் செம்மண் புழுதிக்கு அது எளிதில் அடையும்.

சில நிமிடம் நன்றாய் ஓடி நின்றுவிடும் எஞ்சினுக்கு வைத்தியம் மிகச் சிறியது. தொட்டி மூடியைச் சற்றுத் தளர்த்துங்கள். உடனே சரியானால், மூடியிலுள்ள காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது.

ஸ்பார்க் பிளக்கை, எஞ்சின் ஆறிய பிறகு, கழற்றிப் பார்க்கலாம். இளம்பழுப்பு நிறம் நலம். கரி படிந்திருந்தால் துடையுங்கள். முனை தேய்ந்திருந்தால் மாற்றுங்கள்.

வேலை முடிந்து எஞ்சினை ஒதுக்கி வைக்கும்போது தொட்டியை வடித்துவிட்டு, கார்புரேட்டரில் மிஞ்சியது தீரும் வரை ஓடவிடுங்கள். இந்த ஐந்து நிமிட வேலையைச் செய்தவர் அடுத்த பருவத்தில் மெக்கானிக்கைத் தேடுவது குறைவு.

இனி உயிர் சம்பந்தமான விஷயம். மேலே நிறுத்திய பம்பு ஏறத்தாழ 7 மீட்டர் ஆழத்துக்குக் கீழிருந்து நீரை உறிஞ்சாது. கோடையில் நீர் இறங்கியதும், சிலர் எஞ்சினையே கிணற்றுக்குள் இறக்குகிறார்கள். அதன் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுக் காற்று உண்டு. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. வடிகட்டி அடைபட்டுத் திணறும் எஞ்சின் அதனை மிகுதியாகக் கக்கும். உள்ளே இருப்பவர் மயங்கி விழுந்தால், காப்பாற்ற இறங்குபவரும் விழுவார். அந்நிலையில் எவரையும் இறங்கவிடாமல் 112 என்ற எண்ணில் தீயணைப்புப் படையை அழையுங்கள். பஞ்சாயத்து உறுப்பினர்கள் கோடைக்கு முன்னரே, ஜனவரி 26ஆம் நாள் கிராம சபையில், இதனை எடுத்துச் சொல்ல வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.