சிறிய பாடசாலைக்கும் ஒரு கிண்ணம்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு வைத்தியரை மேடையில் ஏற்றினால் சீனி வருத்தம், பிரஷர் பற்றித்தான் பேசுவார் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். இன்று உங்களுக்கு அதிலிருந்து விடுதலை. நான் பேசப்போவது கூடைப்பந்தைப் பற்றி.

நூற்றாண்டை முன்னிட்டு நமது சங்கம் பெண்கள் பாடசாலைகளுக்கிடையே ஒரு கூடைப்பந்துக் கிண்ணத்தை ஆரம்பிக்கத் தீர்மானித்திருக்கிறது. அதில் ஒரு கேள்வி இன்னும் முடிவாகவில்லை. எல்லாப் பாடசாலைகளையும் ஒரே போட்டியில் விடுவதா, சிறிய பாடசாலை, பெரிய பாடசாலை என்று பிரிப்பதா? நான் அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்தில் வேலை செய்கிறவள். இந்தக் கேள்வியை வைத்து அந்த மாநிலமே பல ஆண்டுகள் சண்டை பிடித்திருக்கிறது. அங்கே கண்டதைச் சொல்லும்படி செயலாளர் கேட்டார். அதனால்தான் இந்தப் பேச்சு.

இந்தியானாவில் உயர்நிலைப் பாடசாலைக் கூடைப்பந்து என்பது நம் ஊர்த் தேர்த் திருவிழா மாதிரி. வெள்ளிக்கிழமை இரவு சிறு நகரங்களில் கடைகள் பூட்டிக் கிடக்கும், சனமெல்லாம் பாடசாலை உள்ளரங்கில் நிற்கும். 1990ஆம் ஆண்டு ஆண்கள் இறுதிப் போட்டியைப் பார்க்க 41,000க்கும் அதிகமானோர் வந்தார்கள். விளையாடியவர்கள் உயர்தர வயதுப் பிள்ளைகள்!

அங்கே 1911ஆம் ஆண்டிலிருந்து 1997 வரை, மாநிலம் முழுவதற்கும் ஒரே ஒரு கிண்ணம்தான் இருந்தது. நூறு பிள்ளைகள் படிக்கும் பாடசாலையும் இரண்டாயிரம் பேர் படிக்கும் பாடசாலையும் அதே போட்டியில்தான். அந்த முறைக்கு ஒரு காவல் தெய்வமும் உண்டு. அதன் பெயர் மைலன். எழுத்தில் இத்தாலி நாட்டு மிலான் நகரம் மாதிரித்தான் இருக்கும், வாசிக்கும்போது மைலன் என்பார்கள். 1954இல் அந்தச் சிற்றூரின் பாடசாலையில் 161 மாணவர்கள் இருந்தார்கள். இறுதிப் போட்டியில் அவர்களுக்கு எதிராக வந்தது மன்சி சென்ட்ரல். ஏறத்தாழப் பத்து மடங்கு பெரிய பாடசாலை, 1951, 1952 என இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கிண்ணத்தை வென்ற பாடசாலை. கடைசி விநாடிகளில் பொபி பிளம்ப் என்ற பையன் பந்தைக் கூடைக்குள் போட்டான். 32க்கு 30. 1986இல் வந்த ஹூசியர்ஸ் என்ற திரைப்படத்துக்கு இந்த வெற்றிதான் தூண்டுகோல். பிரிவு பிரிக்கலாமா என்று யாராவது கேட்டால், ‘மைலன் வென்றதே’ என்பதுதான் அங்கே பதில்.

நானும் முதலில் அந்தக் கதையில் மயங்கியவள்தான். பிறகு அதைக் கொஞ்சம் வைத்தியக் கண்ணோடு பார்த்தேன்.

கூடை தரையிலிருந்து பத்து அடி உயரத்தில் இருக்கிறது. உயரமான பிள்ளைக்கு வாய்ப்பு அதிகம். சராசரியை விட நன்றாக உயர்ந்த பிள்ளை நாற்பது பேரில் ஒருத்தி என்று வைத்துக்கொள்வோம். எண்பது பெண் பிள்ளைகள் உள்ள பாடசாலையில் அப்படி இரண்டு பேர் கிடைப்பார்கள். எண்ணூறு பேர் உள்ள பாடசாலையில் இருபது பேர். களத்தில் இறங்குவது ஐந்து பேர் மட்டும். பெரிய பாடசாலை இருபது பேரில் ஐந்து பேரைத் தெரிவு செய்கிறது. சின்னப் பாடசாலை அந்த இரண்டு பேரோடு மற்ற மூன்று இடத்துக்கும் ஓடக்கூடிய யாரையாவது தேடுகிறது. இதில் ஒருவருடைய குற்றமும் இல்லை. வெறும் கணக்கு.

அப்படியானால் மைலன் எப்படி வென்றது? முதலாவது, அது திடீர் அதிசயமல்ல. முந்தைய ஆண்டே அவர்கள் அரையிறுதி வரை வந்தவர்கள். இரண்டாவது, அவர்கள் ஆட்டத்தை மெதுவாக்கினார்கள். கடைசிக் கால் பகுதியில் பிளம்ப் நான்கு நிமிடங்களுக்கும் மேலாகப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். இத்தனை விநாடிக்குள் எறிய வேண்டும் என்ற விதி அன்று அங்கே இல்லை. எறிகிற வாய்ப்புகள் குறையக் குறைய, பலமான அணி தன் பலத்தைக் காட்டுகிற சந்தர்ப்பமும் குறையும். மிகவும் புத்தியான ஆட்டம். ஆனால் 1954க்குப் பிறகு 1997 வரை அவ்வளவு சிறிய வேறொரு பாடசாலை அந்தக் கிண்ணத்தைத் தூக்கவில்லை. 43 ஆண்டுகள்! ஒரு மைலனை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. முதல் சுற்றிலேயே அடிபட்டு வீட்டுக்குப் போன நூற்றுக்கணக்கான சின்னப் பாடசாலைகளின் பெயர் யாருக்கும் ஞாபகம் இல்லை.

‘எல்லோருக்கும் ஒரே போட்டி’ என்ற பேச்சிலும் ஓட்டை இருந்தது. இந்தியானாபொலிஸ் நகரில் கறுப்பின மாணவர்களுக்கென்று 1927இல் திறக்கப்பட்ட கிறிஸ்பஸ் அட்டக்ஸ் பாடசாலையை 1942 வரை அந்தப் போட்டியில் சேர்க்கவே இல்லை. சேர்த்த பிறகு, 1955லும் 1956லும் அவர்கள்தான் சம்பியன். பெண் பிள்ளைகளுக்கோ மாநிலப் போட்டி கிடைத்தது 1976இல். ஆண்களுக்குக் கிடைத்து 65 ஆண்டுகளுக்குப் பிறகு! ஆகவே அந்தப் பழைய காலத்தைப் பொற்காலம் என்று யாராவது சொன்னால், யாருக்குப் பொற்காலம் என்று நாங்கள் கேட்கலாம்.

1997-98 பருவத்திலிருந்து மாணவர் தொகையை வைத்துப் பாடசாலைகளை நான்கு பிரிவாக்கினார்கள். மைலனின் அதே பொபி பிளம்ப் முன்னின்று எதிர்த்தார். ஆனாலும் மாற்றம் வந்தது. ஒரு கிண்ணம் நான்கு கிண்ணமானது. ஒருநாளும் கிண்ணத்தைக் காணாத ஊர்களுக்குக் கிண்ணம் போனது. அதே நேரம் பார்க்க வரும் சனம் குறைந்தது. பக்கத்து ஊர்ப் பெரிய பாடசாலையோடு மோதுகிற அந்த மார்ச் மாத இரவு இல்லாமல் போனதே என்று என்னிடம் வரும் வயதான நோயாளர்கள் இன்றைக்கும் கவலைப்படுவார்கள். பிரிவு வெற்றியாளர்கள் நால்வரையும் கடைசியில் மோதவிட்டும் பார்த்தார்கள். அது 1998, 1999 என்று இரண்டு ஆண்டுகளோடு நின்றுவிட்டது. கிண்ணத்தை வாங்கி, ஊர்வலமும் போய் முடிந்த பிறகு இன்னொரு போட்டிக்கு யாருக்கு மனம் வரும்?

இன்னொன்றையும் கண்டார்கள். தலைகளை எண்ணினால் மட்டும் சமநிலை வராது. மாணவர் தொகை குறைவாக இருந்தாலும், பல ஊர்களிலிருந்தும் பிள்ளைகளைச் சேர்க்கக்கூடிய தனியார் பாடசாலைகள் சிறிய பிரிவுகளில் பலமாக நின்றன. அதனால் 2012இல், தொடர்ந்து நன்றாக வெல்கிற பாடசாலையை அடுத்த பெரிய பிரிவுக்கு உயர்த்துகிற விதியைக் கொண்டுவந்தார்கள்.

இனி எங்கள் கதைக்கு வருகிறேன்.

இந்தியானாவில் கடைசியாக ஒரே கிண்ணத்துக்கு எல்லோரும் விளையாடிய அதே 1997ஆம் ஆண்டில், இந்தக் கல்லூரியின் கூடைப்பந்து அணியில் நான் இருந்தேன். இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்த காலம். இடாப்பில் இருநூறு பேர் கூட இல்லை. என் உயரம் ஐந்து அடி, அதுவும் இரட்டைப் பின்னலையும் சேர்த்து. பெரிய பாடசாலை ஒன்றில் நான் படித்திருந்தால் தண்ணீர்ப் போத்தல் தூக்கக்கூட என்னைக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். இங்கே ஆள் இல்லை. ரீச்சர் வகுப்பறை வாசலில் நின்று, “ஓடக்கூடிய ஆக்கள் எல்லாரும் வாங்கோ” என்றார். ஏழு பேர் போனோம். அதுதான் அணி. மூக்குக் கண்ணாடியை நூலால் கட்டிக்கொண்டு விளையாடியவள் இன்று முன்வரிசையில் இருந்து சிரிக்கிறாள்.

வலய மட்டப் போட்டி. முதல் ஆட்டமே ஒரு பெரிய பாடசாலையோடு. 46க்கு 7. அந்த ஏழில் இரண்டு என்னுடையவை. அதை என் பிள்ளைகளுக்குப் பல தடவை சொல்லியிருக்கிறேன். நான் சொல்லாமல் விட்டது வேறொன்று. அடுத்த ஆண்டு அந்த ஏழு பேரில் நான்கு பேர் பயிற்சிக்கு வரவில்லை. ரீச்சர் வீடு வீடாகப் போய்க் கேட்டும் வரவில்லை. அதன் பிறகு பல ஆண்டுகள் நமது கல்லூரி கூடைப்பந்துக்கு அணி அனுப்பவே இல்லை. ஒரு தோல்வி அவ்வளவு செய்தது. தோல்வி பிள்ளைகளுக்கு நல்ல பாடம் என்று மேடைகளில் சொல்கிறோம். பாடம் படிக்கப் பிள்ளை திரும்பி வர வேண்டுமே!

இன்றைக்கு நிலைமை வேறு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இங்கே படிக்கிறார்கள். புதிய ஆடுகளம், பயிற்றுநர், சப்பாத்து எல்லாம் இருக்கின்றன. அக்காமாரே, இப்போது அந்தப் பெரிய பாடசாலை நாங்கள்தான். நாங்கள் கிண்ணம் வைத்து அழைக்கும்போது, ஏழு பேரோடு மினிபஸ்ஸில் வந்து இறங்கப்போகிற பாடசாலைகள் இருக்கின்றன.

நம் நாட்டில் பாடசாலை விளையாட்டுகளை வயதை வைத்துப் பிரிக்கிறோம். கோட்டம், வலயம், மாகாணம் என்று படிப்படியாக ஏற்றுகிறோம். மாணவர் தொகையை வைத்துப் பிரிக்கும் வழக்கம் நமக்குப் பெரிதாக இல்லை. ஆகவே இது நமக்குப் புதிய கேள்வி.

அன்றைய ஏழு பேரில் ஒருத்தி இன்று வன்னியில் ஒரு சின்னப் பாடசாலையில் விளையாட்டு ஆசிரியை. போன மாதம் தொலைபேசியில் கேட்டேன், உங்கள் பிள்ளைகளை எங்கே போடுவது என்று. அவள் சொன்னாள்: “எங்களைச் சின்னப் பிரிவிலயே போடு. ஆனா உங்களோடயும் ஒரு மட்ச் விளையாட விடு. தோத்தாலும் காரியமில்லை. தோக்கிறதுக்கு முன்னம் என்ர பிள்ளையள் ரெண்டு மட்ச் வெண்டிருக்கோணும்.”

இந்தியானாவின் பக்கத்து மாநிலம் கென்டக்கி. அவர்கள் இதைத்தான் செய்கிறார்கள். மாநிலக் கிண்ணம் இன்றும் எல்லாப் பாடசாலைகளுக்கும் ஒன்றுதான். ஆனால் அதற்கு முன்பு, ஜனவரி மாதத்தில், சிறிய பாடசாலைகளுக்கு மட்டுமென்று ஆல் ஏ கிளாசிக் என்றொரு போட்டி உண்டு. அதில் வென்ற சின்னப் பாடசாலை, வென்ற தெம்போடு பெரிய போட்டிக்குப் போகும். தனக்கென்று ஒரு கிண்ணமும் உண்டு, பெரியவர்களின் கதவும் பூட்டப்படவில்லை.

ஆகவே என் யோசனை இதுதான். நூற்றாண்டுக் கிண்ணம் மூன்று நாள் நடக்கட்டும். ஆறாம் வகுப்பிலிருந்து உயர்தரம் வரை முந்நூறுக்குக் குறைவான மாணவிகள் உள்ள பாடசாலைகள் ஒரு பிரிவு, மற்றவை ஒரு பிரிவு. முதல் இரண்டு நாளும் அவரவர் பிரிவுக்குள் விளையாடட்டும். ஓர் ஆட்டத்தில் தோற்றவுடன் வீட்டுக்கு அனுப்பாமல், ஒவ்வொரு அணிக்கும் மூன்று ஆட்டமாவது கொடுப்போம். இரண்டாம் நாள் மாலை சிறிய பாடசாலைகளுக்கான கிண்ணத்தை எல்லோர் முன்னிலையிலும் மரியாதையோடு கொடுப்போம். மூன்றாம் நாள் இரண்டு பிரிவிலும் முதல் இரண்டு இடத்துக்கு வந்தவர்கள் ஒருவரோடு ஒருவர் மோதட்டும். நூற்றாண்டுக் கிண்ணம் அன்றைக்குத்தான். அந்த நாளை ஒட்டுச் சேர்க்கை போல வைத்தால் இந்தியானாவில் நடந்ததுதான் இங்கேயும் நடக்கும்.

ஒரு பாடசாலை தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் சிறிய கிண்ணத்தை வென்றால், மூன்றாம் ஆண்டு பெரிய பிரிவுக்கு வரட்டும். அதைத் தண்டனையாக அல்ல, பதவியுயர்வாக அறிவிப்போம்.

எண்ணிக்கை மட்டும் அளவுகோல் அல்ல என்று சொன்னேன். சின்னப் பாடசாலைக்கு ஆள் குறைவு என்பதோடு ஆடுகளமும் இல்லை, பஸ் காசும் இல்லை. வெளிநாட்டுக் கிளைகளில் உள்ள நாங்கள் கிண்ணத்துக்கு வெள்ளி முலாம் பூசக் கொடுக்கிற காசில் ஒரு பங்கை அந்தப் பிள்ளைகளின் பயணத்துக்கும் இரவுத் தங்கலுக்கும் ஒதுக்குவோம். போட்டிக்கு முந்திய இரண்டு மாதமும் சனிக்கிழமைகளில் நமது ஆடுகளத்தை அவர்களுக்குத் திறந்து விடுவோம். அதிபர் அவர்கள் தலையாட்டுகிறார். இத்தனை பேர் சாட்சி!

எங்கள் பிள்ளைகள் மூன்றாம் நாள் ஒரு சின்னப் பாடசாலையிடம் தோற்றால் என்ன செய்வது என்று ஓர் அக்கா காலையில் கேட்டார். தோற்றால் கை தட்டுவோம் அக்கா. ஐந்து அடிப் பிள்ளை ஒருத்தி அங்கே நின்று இரண்டு புள்ளி எடுத்தால், அதற்கும் தட்டுவோம். அடுத்த ஆண்டும் அவள் பயிற்சிக்கு வர வேண்டும்.